மதம் அல்லாத மதம்: ஷின்டோவும் ஜப்பானிய அரசும்

1868ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பிவா ஏரிக்கரையோரம் சகாமோட்டோ என்ற ஊரில், ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் ஹியே மலை ஆலயத்துக்குள் புகுந்தது. தலைமை தாங்கியவர் அதே ஆலயத்தைச் சேர்ந்த ஜுகே ஷிகேகுனி என்ற பூசாரி. கருவறைச் சாவிகள் மலைமேல் இருந்த என்ரியாகுஜி பௌத்த மடத்தின் வசம் இருந்தன. பிக்குகள் சாவியைத் தரத் தாமதித்ததும் பூட்டுகள் உடைந்தன. தெய்வத் திருமேனிகளாக வழிபடப்பட்டுவந்த புத்தர் சிலைகளும் சூத்திரச் சுவடிகளும் பூசைப் பாத்திரங்களும் வெளியே குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. தெய்வங்களையும் புத்தர்களையும் பிரித்துவைக்கச் சொல்லிப் புதிய மெய்ஜி அரசு ஆணை பிறப்பித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

ஷின்டோவுக்கும் தேசியவாதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1930களில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் போரில் இறந்தவர்களை வழிபடும் யாசுகுனி ஆலயத்தில். நான் இந்தத் தீயில் தொடங்கக் காரணம் இருக்கிறது. எரித்தவர்களும் எரிந்த பொருள்களும் ஒரே வளாகத்தைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டுகளாக ஜப்பானில் ஆலயமும் விகாரையும் ஒரே நிர்வாகத்தில், ஒரே மதிலுக்குள் இருந்தன. ஊர்த்தெய்வம் ஏதோ ஒரு புத்தரின் அவதாரம் என்பதே பொது நம்பிக்கை. எனோஷிமா தீவிலும் சிகுபு தீவிலும் கையில் யாழ்போன்ற பீவாவுடன் அமர்ந்திருந்த பென்சைதென் நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு கடல் கடந்து போனவள். கியோட்டோவின் கியோன் ஆலயத்துத் தெய்வமான கோசு தென்னோ, புத்தர் தங்கிய ஜேதவனத்தின் காவல் தெய்வம் என்று கருதப்பட்டவர். 1868க்குப் பின் எனோஷிமாவில் சரஸ்வதி போய் ஜப்பானியப் புராணத்தின் மூன்று தேவியர் வந்தார்கள். கியோனில் கோசு தென்னோவின் இடத்தில் அதே புராணத்தின் சுசனோ அமர்ந்தார், ஆலயத்தின் பெயரும் யாசகா என்று மாறியது. நாராவில் கோஃபுகுஜி விகாரையின் பிக்குகள் ஒட்டுமொத்தமாகக் காவியைக் களைந்து பக்கத்துக் கசுகா ஆலயத்தின் பூசாரிகளானார்கள். சட்சுமா பகுதியில் ஒரு விகாரைகூட மிஞ்சவில்லை.

தொன்றுதொட்டு வந்த ஷின்டோவை நவீன அரசு கைப்பற்றிக்கொண்டது என்ற வழக்கமான சித்திரம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது. பௌத்தத்திலிருந்து தனித்து நிற்கும் ஒரு மதமாக ஷின்டோ பழங்காலத்தில் இருக்கவே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் குரோடா தோஷியோ வாதிட்டார். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திச் சொன்னார் என்பது என் கருத்து. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே யோஷிதா கனெதொமோ ஷின்டோவைத் தனிநெறியாக வகுக்க முயன்றிருக்கிறார். இசே ஆலயத்து வதராய் பூசாரிகளுக்கும் சொந்தத் தத்துவம் இருந்தது. ஆனால் அவையெல்லாம் புலமைப் போக்குகள். வயல்காட்டு உழவனுக்கு ஷின்டோ என்று ஒரு மதம் இருப்பதே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அவன் ஊர்த்தெய்வம்.

அரச குடும்பத்தின் நிலைமை இன்னும் வேடிக்கை. பேரரசர்களின் ஈமச்சடங்கு கியோட்டோவின் சென்யூஜி விகாரையில்தான் பல நூற்றாண்டுகளாக நடந்தது. மெய்ஜி பேரரசரின் தந்தை கோமெய்க்கும் அங்குதான். அரண்மனைக்குள் பௌத்த வழிபாட்டு அறை இருந்தது. 1870களின் தொடக்கத்தில்தான் அதை வெளியேற்றினார்கள். சூரியதேவி அமத்தெராசு அரச வம்சத்தின் மூதாதை, அவள் கோயில் கொண்டிருப்பது இசேயில் என்பது உண்மைதான். என்றாலும் ஏழாம் நூற்றாண்டு இறுதியில் ஆண்ட ஜிதோவுக்குப் பிறகு ஆட்சியிலிருந்த எந்தப் பேரரசரும் இசேக்கு நேரில் போனதில்லை. 1869இல் மெய்ஜி போனார். பழமைக்குத் திரும்புவதாக அறிவிக்கப்பட்ட அந்தப் பயணம் அரச மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காணாத புதுமை.

இந்தப் புதுமைக்கு விதை போட்டவர்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் ‘நாட்டுக் கல்வி’ அறிஞர்கள். மட்சுசகாவில் மருத்துவம் பார்த்துக்கொண்டே மோட்டோஓரி நோரினாகா முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1798இல் ‘கொஜிகி’ நூலுக்கு உரையெழுதி முடித்தார். சீன, பௌத்தச் சாயல் படியாத ஜப்பானிய உள்ளத்தை அந்தப் பழம்நூலில் தேடினார் அவர். அவருடைய மாணவராகத் தம்மை அறிவித்துக்கொண்ட ஹிராதா அட்சுதானே மறுமையைப் பற்றிய கோட்பாட்டைச் சேர்த்தார். அரசியல் கணக்குப் போட்டவர் மிதோவைச் சேர்ந்த அய்சாவா செய்ஷிசாய். 1825இல் எழுதிய ‘ஷின்ரொன்’ நூலில் அவர் வெளிப்படையாகவே சொல்கிறார்: மேலைநாட்டாரின் பலம் பீரங்கியில் மட்டும் இல்லை, மக்கள் மனங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் கிறிஸ்தவத்தில் இருக்கிறது, ஜப்பானுக்கும் அப்படி ஒரு கட்டு வேண்டும். பின்னால் வந்த ஷின்டோ அரசியலுக்கு எதிரியும் முன்மாதிரியும் கிறிஸ்தவமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புதிய அரசு தொடக்கத்தில் ஷின்டோவை அரச மதமாக்கவே முயன்றது. பூசையும் ஆட்சியும் ஒன்று என்று அறிவித்து, தெய்வ விவகார மன்றத்தை அமைச்சரவைக்கும் மேலே தூக்கி வைத்தது. 1871இல் ஆலயங்கள் எல்லாம் நாட்டின் பொதுச் சடங்கிடங்கள், எந்தக் குடும்பத்தின் சொத்தும் அல்ல என்று ஆணை வந்தது. பரம்பரைப் பூசாரி உரிமை போயிற்று. ஆலயங்களுக்குப் படிநிலை வகுத்தார்கள். ஆனால் அதே ஆண்டில் தெய்வ மன்றம் சாதாரண அமைச்சகமாக இறங்கியது. 1872இல் அதுவும் கலைந்து, பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்ட போதனை அமைச்சகம் வந்தது. தோக்கியோவின் சோஜோஜி விகாரைக்கு முன்னால் ஷின்டோ ஆலயங்களுக்குரிய தோரி வாயில் நட்டு, உள்ளே ஷின்டோ தெய்வங்களை எழுந்தருளச் செய்து, பிக்குகளைப் பூசாரிகளைப் போல வழிபடவைத்து, அரச பக்தி போதிக்க அனுப்பினார்கள். கேட்கப் போன மக்களுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்திலிருந்த ஷிமாஜி மோகுராய் என்ற ஜோதோ ஷின்ஷூ பௌத்தத் துறவி 1872இல் அங்கிருந்தே அரசுக்குக் கண்டனம் எழுதினார். மதமும் அரசும் வேறு வேறு. மனச்சாட்சியை ஆணை போட்டு உண்டாக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய பிரிவு அந்தப் போதனைக் கூட்டணியை விட்டு விலகியது. 1877இல் போதனை அமைச்சகமே மூடப்பட்டது. ஷிமாஜி வைத்த இன்னொரு வாதம் பின்னால் வேறு யாருக்கோ உதவியது: அரசவையின் மூதாதையர் வழிபாடு மதமாகாது, அது மரியாதை, ஆகவே பௌத்தன் அதைச் செய்வதில் முரண்பாடு இல்லை. பௌத்தத்தைக் காப்பாற்ற அவர் வெட்டிய வழியில் பிறகு அரசின் தேர் ஓடியது.

அதற்கு முன்னால் ஷின்டோக்காரர்களே ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினார்கள். 1875இல் தொடங்கி ஆறு ஆண்டுகள் நீடித்த தெய்வச் சச்சரவு இந்தக் கதையின் திருப்புமுனை. பொது வாசகர்களுக்கான நூல்களில் பெரும்பாலும் அது ஒற்றை வரியில் கடந்துபோகும். தோக்கியோவில் பொது வழிபாட்டுக்காக அமைத்த மண்டபத்தில் அமத்தெராசுவோடு படைப்புத் தெய்வங்கள் மூன்றை வைத்தார்கள். இசுமோ ஆலயத்தின் தலைமைப் பூசாரி செங்கே தகதோமி, எங்கள் ஓகுனினுஷியையும் சேருங்கள் என்றார். ஓகுனினுஷி யார்? புராணப்படி பூமியின் ஆட்சியை அமத்தெராசுவின் வழிவந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத மறைவுலகை ஆளப்போனவர். ஹிராதாவின் கோட்பாட்டின்படி இறந்தவர்களுக்குத் தீர்ப்பு வழங்குபவர். கண்ணுக்குத் தெரியும் உலகைத்தான் பேரரசர் ஆள்கிறார், மறைவுலகம் ஓகுனினுஷியிடம் என்று ஒப்புக்கொண்டால், செத்த பிறகு பேரரசரும் இசுமோ தெய்வத்தின் முன்னால்தானே நிற்க வேண்டும்? இசே தரப்பின் தனகா யோரிட்சுனே சும்மா இருப்பாரா? நாடெங்கும் பூசாரிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் 1881இல் பேரரசரின் பெயரால் ஒரு தீர்ப்பு வந்தது. அரண்மனை ஆலயங்களில் வழிபடும் தெய்வங்கள் எவையோ அவையே போதும் என்றது. ஓகுனினுஷியின் பெயரை எடுக்கவேயில்லை.

இந்தச் சண்டையிலிருந்து அரசு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கோட்பாடு என்று ஒன்று இருந்தால் தகராறு வரும். தகராறு வந்தால் பேரரசரின் தலை உருளும். கோட்பாடே இல்லாத ஷின்டோதான் அரசுக்குத் தோது. 1882இல் உயர்நிலை ஆலயங்களின் பூசாரிகள் போதனை செய்யக்கூடாது, ஈமச்சடங்கு நடத்தக்கூடாது என்று ஆணை பிறந்தது. மறுமையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனிப் பிரிவாகப் பதிவு செய்துகொள்ளலாம். செங்கே இசுமோவில் அப்படியே செய்தார். இப்படிப் பிரிந்தவை முடிவில் பதின்மூன்று. எஞ்சிய ஆலயங்கள் மதத்தில் சேராது, நாட்டின் சடங்கிடங்கள் என்றாயின. என் பார்வையில் அரச ஷின்டோ என்று பின்னால் பெயர்பெற்ற ஏற்பாட்டின் அச்சாணி இதுதான். அரசு ஷின்டோவை மதமாக்கி மக்கள்மேல் திணித்ததாகச் சொல்வதில் பாதி உண்மையே இருக்கிறது. மதப்பட்டியலிலிருந்து அதை வெளியே எடுத்ததால்தான் எல்லார்மேலும் சுமத்த முடிந்தது.

1889 அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தந்தது. பொது அமைதிக்கும் குடிமக்களின் கடமைக்கும் முரண்படாத வரையில் என்ற நிபந்தனையோடு. ஆலயத்தில் தலைவணங்குவது மதச்செயல் அல்ல, குடிமகனின் கடமை என்று வைத்துவிட்டால் மதச் சுதந்திரம் என்ற பேச்சே எழாது. 1891 ஜனவரியில் கிறிஸ்தவ ஆசிரியர் உச்சிமுரா கான்சோ, பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணைக்கு முன்னால் போதிய அளவு குனியவில்லை என்று வேலையை இழந்தார். அடுத்த ஆண்டு வரலாற்றுப் பேராசிரியர் குமே குனிதாகே, ஷின்டோ என்பது பண்டைக்கால வான்வழிபாட்டின் எச்சமே என்று எழுதிப் பதவியைப் பறிகொடுத்தார். இவரோ கிறிஸ்தவரும் அல்ல. மதமல்ல என்று சொல்லப்பட்டதை மதத்தைப்போல ஆராய்ந்ததுதான் குற்றம். 1900இல் உள்துறை அமைச்சகத்தில் ஆலயங்களுக்கு ஒரு பிரிவும் மதங்களுக்கு இன்னொரு பிரிவும் தனித்தனியே பிறந்தபோது, அந்தக் கோடு அலுவலகச் சுவராகவே எழும்பிவிட்டது.

இவ்வளவு கௌரவம் கொடுத்த அரசு பணம் கொடுத்ததா என்றால், மிகக் கஞ்சத்தனமாக. இசேக்கும் இரு நூற்றுச் சொச்சம் பெரிய ஆலயங்களுக்கும்தான் மானியம்; 1887இல் அதையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் நிறுத்திவிடத் திட்டமிட்டார்கள். ஊர் ஆலயங்கள் ஊராரின் கையிருப்பில் ஓடின. ரஷ்யாவோடு போர் முடிந்த கையோடு, 1906இல், உள்துறை அமைச்சகம் ஊருக்கொரு ஆலயம் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. வருமானம் இல்லாத, கட்டடம் சரியில்லாத சிற்றாலயங்களை மூடி, அவற்றின் தெய்வங்களைப் பெரிய ஆலயத்தில் சேர்த்துவிட வேண்டும். சுமார் 1,90,000 ஆக இருந்த ஆலயங்கள் சில ஆண்டுகளில் 1,20,000க்கும் கீழே வந்தன. மியே, வகயாமா மாவட்டங்களில் அடி பலமாக விழுந்தது. மியேயில், அதாவது இசே இருக்கும் மாவட்டத்திலேயே, பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஆலயங்கள் காணாமல் போயின. ஆலயம் மூடினால் அதைச் சூழ்ந்த காவும் வெட்டுப்படும். மரம் நல்ல விலைக்குப் போகும். மரத்தில் கண் வைத்தவர்கள் இந்தக் கொள்கையை வரவேற்றதில் ஆச்சரியமில்லை.

எதிர்த்து நின்றவர்களில் மறக்க முடியாதவர் மினகத்தா குமகுசு. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு, வகயாமாவின் தனாபே ஊரில் வந்து குடியேறிய பூஞ்சை ஆய்வாளர், நாட்டுப்புறவியலில் கரைகண்டவர், குடிப்பழக்கமும் முன்கோபமும் உள்ளவர். அவர் சேகரித்த சளிப்பூஞ்சைகள் ஆலயக் காவுகளின் ஈரமண்ணில்தான் வளர்ந்தன. 1910இல் ஆலய இணைப்பை ஆதரிக்கும் அதிகாரி கலந்துகொண்ட ஒரு கூட்டத்துக்குள் நுழைந்து ரகளை செய்து 18 நாட்கள் காவலில் இருந்தார். அறிஞர் யனகிதா குனியோவுக்கு அவர் எழுதிய நெடுங்கடிதங்களை யனகிதாவே அச்சிட்டு முக்கியஸ்தர்களுக்கு அனுப்பினார். மினகத்தாவின் வாதம் எளியது: ஊர்த்தெய்வம் போனால் ஊரார் கூடும் இடம் போகும், திருவிழா போகும், காடு போகும், இத்தனையும் போன பின் நாட்டுப்பற்று எங்கிருந்து முளைக்கும்? அதாவது தேசபக்தியின் பெயரால் செய்ததை அவர் தேசபக்தியின் பெயராலேயே எதிர்த்தார். 1920வாக்கில் இணைப்பு வேகம் ஓய்ந்தது. 1929இல் இளம் பேரரசர் ஹிரோஹிதோ, தாமும் உயிரியல் ஆய்வாளர் என்பதால், தனாபே வளைகுடாவுக்கு வந்தபோது மினகத்தா 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைப் பரிசளித்தார், காரமெல் மிட்டாய் அட்டைப்பெட்டிகளில் போட்டு.

மினகத்தாவின் கதை ஒரு விசித்திரத்துக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. அரச ஷின்டோவால் முதலில் அடிபட்டவர்கள் பௌத்தர்கள். இரண்டாவது, ஷின்டோவின் ஊர்த்தெய்வங்கள். உச்சிமுரா போன்ற தனிமனிதர்களை விட்டால், கிறிஸ்தவர்களின் முறை பிறகுதான் வந்தது. அரசுக்கு உகந்த ஷின்டோ சொன்னதைக் கேட்கும் ஷின்டோ மட்டுமே. ஷின்டோ வேர்களிலிருந்து எழுந்த ஓமோட்டோ என்ற புதுநெறி லட்சக்கணக்கானோரை ஈர்த்தபோது, 1935 டிசம்பரில் போலீஸ் புகுந்து தெகுச்சி ஓனிசாபுரோவைக் கைது செய்தது. அயாபேயிலும் கமெயோகாவிலும் இருந்த அதன் தலைமையிடக் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

மக்கள் மனத்தில் அரச ஷின்டோவைப் பதித்தது ஆலயமா, பள்ளிக்கூடமா? பள்ளிக்கூடம் என்றே நினைக்கிறேன். விழா நாட்களில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை அணிந்து, 1890ஆம் ஆண்டுக் கல்வி ஆணையைச் சுருளிலிருந்து விரித்து வாசிப்பார். பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பார்கள். மூக்கை உறிஞ்சக்கூட அனுமதியில்லை. பேரரசரின் படமும் ஆணைச் சுருளும் பள்ளிக் கட்டடத்துக்குள் இருந்தால் தீவிபத்து பயம். படத்தைக் காப்பாற்ற எரியும் கட்டடத்துக்குள் ஓடி உயிர்விட்ட ஆசிரியர்கள் உண்டு. அதனால் வளாகத்திலேயே காங்கிரீட்டில் சிறு கருவறை போன்ற ஒன்றைக் கட்டினார்கள். காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் மாணவர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். மதமல்ல என்ற அரசின் கூற்றை இதைவிடக் கச்சிதமாகப் பொய்யாக்கும் கட்டடம் கிடையாது. ஜப்பானில் நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கில அறிஞர் பாசில் ஹால் சேம்பர்லென் 1912இலேயே இதைப் புதிதாகப் படைக்கப்பட்ட மதம் என்று எழுதினார்.

1932 மே மாதம் தோக்கியோவின் கத்தோலிக்கச் சோஃபியா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் யாசுகுனியில் தலைவணங்க மறுத்தார்கள். அங்கு இராணுவப் பயிற்சி அளித்துவந்த அதிகாரியைத் தரைப்படை திரும்ப அழைத்துக்கொண்டது. பேராயர் கல்வி அமைச்சகத்திடம் விளக்கம் கேட்டார். அது அரச விசுவாசத்தையும் நாட்டுப்பற்றையும் காட்டும் செயல், மதமல்ல என்று பதில் வந்தது. 1936இல் வத்திக்கானும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு கத்தோலிக்கர்களை அனுமதித்தது. கொரியாவில் இதே வாசகம் கொடுமையாக வேலை செய்தது. சியோலின் நம்சான் மலையில் 1925இல் கட்டிய பிரம்மாண்ட ஆலயத்திலும், ஊர்தோறும் முளைத்த சிற்றாலயங்களிலும் கொரியர்கள் வணங்க வேண்டும். 1938 செப்டம்பரில் போலீஸ் காவலுக்கு நடுவில் கூடிய பிரெஸ்பிட்டேரியன் பேரவை, ஆலய வணக்கம் மதமல்ல என்று தீர்மானம் போட்டது. இணங்காத போதகர் சூ கி-சோல் 1944இல் பியோங்யாங் சிறையில் இறந்தார்.

தமிழர்கள் வாழ்ந்த மண்ணையும் இது தொட்டது. ஜப்பான் கைப்பற்றிச் சிங்கப்பூர் ‘ஷோனான்’ ஆன பிறகு, மெக்ரிட்சி நீர்த்தேக்கக் கரைக் காட்டில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் கொண்டு ஒரு ஷின்டோ ஆலயம் எழுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானின் திசை நோக்கிக் குனிந்து ‘கிமிகாயோ’ தேசியகீதம் பாடினார்கள். 1945இல் சரணடைந்ததும் ஜப்பானியர்களே அந்த ஆலயத்தை அழித்துவிட்டார்கள். அந்நியர் கையில் அது இழிவுபடக்கூடாதாம். கைகழுவக் கருங்கல்லில் செதுக்கிய தொட்டி இன்றும் காட்டுக்குள் கிடக்கிறது.

1945 டிசம்பர் 15 அன்று நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஷின்டோ ஆணையை வெளியிட்டது. வரைந்தவர் வில்லியம் பன்ஸ். போருக்கு முன் மட்சுயாமாவில் ஆசிரியராக இருந்தவர். அரசின் பணம், பதவி, பாடநூல் மூன்றும் ஆலயத்திலிருந்து விலக்கப்பட்டன. அரச ஷின்டோ என்ற சொற்சேர்க்கை பரவலான புழக்கத்துக்கு வந்தது இந்த ஆணையால்தான். ஒரு வகையில் இந்த ஆணை 1882ஆம் ஆண்டு ஆணையைத் தலைகீழாக்கியது: ஆலயம் வேண்டுமானால் மதமாக இருந்துகொள்ளட்டும், மற்ற மதங்களுக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றது. 1946 பிப்ரவரியில் ஆலயங்கள் ஒன்றுசேர்ந்து ஜின்ஜா ஹொன்சோ என்ற தலைமைச் சங்கத்தை அமைத்தன. இன்று ஏறத்தாழ 79,000 ஆலயங்கள் அதில் உண்டு. 1947 அரசியலமைப்பின் 20, 89ஆம் பிரிவுகள் பிரிவினையைச் சட்டமாக்கின.

அறிஞர்களின் சண்டை இங்கிருந்து தொடங்குகிறது. 1970இல் வந்த ‘கொக்க ஷின்டோ’ நூலில் முரகாமி ஷிகேயோஷி, 1868இலிருந்து 1945வரை ஒரே கோடாக வளர்ந்த ஒடுக்குமுறை அமைப்பாக இதை வரைந்தார். ஷின்டோ தரப்பின் சிந்தனையாளர் அஷிசு உசுஹிகோ மறுத்தார்: அரசு எங்களைப் போதிக்க விடவில்லை, பணமும் தரவில்லை, ஆன்மாவைப் பிடுங்கிவிட்டு வெறும் சடங்கை விட்டுவைத்தது, நாங்கள் பலிகடாக்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் ஹார்டேக்கர் நடுவில் நின்று, அரசு மட்டும் காரணமல்ல, தங்கள் மதிப்பை உயர்த்திக்கொள்ளப் பூசாரிகளும் அரசை நாடினார்கள் என்று காட்டினார். ஷிமசோனோ சுசுமு 2010இல் எழுதிய நூலில் கவனத்தை ஆலயத்திலிருந்து அரண்மனைச் சடங்குக்கும் பள்ளிக்கும் நகர்த்தினார். அரண்மனைக்குள் நடக்கும் வழிபாட்டை 1945 ஆணை தொடவில்லை, ஆகவே அரச ஷின்டோ முழுதாக முடியவும் இல்லை என்பது அவர் நிலை. அஷிசுவின் குறையில் நியாயம் இல்லாமலில்லை; ஆலய இணைப்பைப் பார்த்த பிறகு யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் சடங்காக மட்டும் இருந்ததாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. என் ஓட்டு ஷிமசோனோவுக்கு.

‘மதமல்ல’ என்ற பழைய வாதம் போருக்குப் பின் நீதிமன்றத்தில் மறுபிறவி எடுத்தது. 1965இல் மியே மாவட்டத்தின் சு நகராட்சி உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஷின்டோ முறையில் பூமிபூசை செய்து, 7,663 யென் செலவு எழுதியது. ஒரு நகரமன்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் 10க்கு 5 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது: பூமிபூசை உலகியல் வழக்கம், மதத்தை வளர்ப்பது அதன் நோக்கமும் அல்ல, விளைவும் அல்ல. எதிர்த்து எழுதிய ஐவரில் தலைமை நீதிபதி புஜிபயாஷி எகிசோவும் ஒருவர். அவர் உச்சிமுரா கான்சோ தொடங்கிய சபைசாராக் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்தவர் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 1988இல் இன்னொரு வழக்கு. பணியில் இறந்த தற்காப்புப் படை வீரரை, கிறிஸ்தவரான அவர் மனைவியின் விருப்பத்துக்கு மாறாக, யமகுச்சியின் போர்வீரர் ஆலயத்தில் தெய்வமாக்கினார்கள். பிறர் மதச் செயலைப் பொறுத்துப்போகுமாறு நீதிமன்றம் அந்த விதவைக்கு அறிவுரை சொன்னது. பொறுத்துப்போவது எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தவர்களின் கடமையாகவே இருக்கிறது. 1997இல்தான் காற்று திரும்பியது. எஹிமே மாவட்ட நிர்வாகம் யாசுகுனிக்கும் உள்ளூர்ப் போர்வீரர் ஆலயத்துக்கும் காணிக்கையாகக் கொடுத்த 1,66,000 யென் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 13க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

யாசுகுனியைப் பற்றி ஏற்கெனவே மலையளவு எழுதப்பட்டிருக்கிறது. இந்த வாதத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். 1869இல் தொடங்கி, படைத்துறை அமைச்சகங்களின் பொறுப்பில் இருந்த அந்த ஆலயத்தில் 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தெய்வங்கள். பேரரசர் தரப்பில் இறந்தவர்களுக்கே இடம். 1877இல் கலகம் செய்த சைகோ தகமோரி, மெய்ஜி ஆட்சியை நிறுவியவர்களில் ஒருவராயிருந்தும், அங்கே இல்லை. ஜப்பானின் படையில் சேர்க்கப்பட்டு இறந்த கொரியர்களும் தைவானியர்களும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். பெயரை நீக்கச் சொல்லி அவர்களுடைய குடும்பங்கள் கேட்டும், கலந்த தெய்வத்தைப் பிரிக்க முடியாது என்கிறது ஆலயம். 1978 அக்டோபரில் தலைமைப் பூசாரி மட்சுதாய்ரா நகயோஷி முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரை ஓசையில்லாமல் சேர்த்தார். அந்தப் பெயர்ப்பட்டியலைப் பல ஆண்டுகள் முன்பே அனுப்பியிருந்தது அரசின் சுகாதார நல அமைச்சகம். 1975க்குப் பின் பேரரசர் யாரும் அங்கு போகவில்லை.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. யாசுகுனியை மீண்டும் அரசின் பொறுப்பில் கொண்டுவர ஆளுங்கட்சி 1969 முதல் மசோதா மேல் மசோதாவாகக் கொண்டுவந்தது. 1974இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் செத்தது. பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இடதுசாரிகளும் எதிர்த்தது தெரிந்த விஷயம். ஆனால் அரசு ஆலயமாக வேண்டுமானால் மந்திரம், பூசைமுறை போன்ற மத அடையாளங்களை மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றச் சட்டப் பிரிவு சொன்னதும் ஆலய ஆதரவாளர்களின் உற்சாகமே வடிந்துவிட்டது. மெய்ஜி காலத்தில் மதமல்ல என்று வாயால் சொன்னால் போதுமாயிருந்தது. இப்போது செய்து காட்டச் சொன்னார்கள்.

ஆலயச் சங்கம் அரசியலில் முழுமூச்சாக இறங்கியதும் இதே காலத்தில். 1969இல் ஷின்டோ அரசியல் கூட்டமைப்பு பிறந்தது. அதற்குச் சற்று முன்பே பிப்ரவரி 11 மீண்டும் தேசநிறுவன நாளாகியிருந்தது; பின்னர் அரச ஆண்டுப் பெயருக்கு 1979இல் சட்டம் வந்தது, 1999இல் கொடிக்கும் கீதத்துக்கும் வந்தது. 2000 மே மாதம் இந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த எம்.பி.க்களின் கூட்டத்தில்தான் பிரதமர் மோரி யோஷிரோ, ஜப்பான் பேரரசரை நடுநாயகமாகக் கொண்ட தெய்வ நாடு என்று பேசிப் பெரும் சர்ச்சையில் மாட்டினார். ஆனால் மேலிடத்தில் இவ்வளவு செல்வாக்கோடு இருக்கும் சங்கத்துக்கு அடித்தளத்தில் ஓட்டை விழுந்துகொண்டிருக்கிறது. கிராமங்கள் காலியாகின்றன, ஒரே பூசாரி பத்து இருபது ஆலயங்களைக் கவனிக்கிறார், தோக்கியோவின் தொமியோகா ஹச்சிமன், ஷிகோகுவின் கொதோஹிரா, 2024இல் காமகுராவின் சுருகவோகா ஹச்சிமன் என்று பெயர்பெற்ற ஆலயங்கள் சங்கத்தை விட்டு வெளியேறியிருக்கின்றன. யாசுகுனியோ தொடக்கத்திலிருந்தே அதில் உறுப்பினர் அல்ல.

2018 நவம்பரில் இளவரசர் அகிஷினோ, அடுத்த ஆண்டு தன் அண்ணன் முடிசூடியதும் நடக்கவிருந்த தைஜோசாய் சடங்கு மதத்தன்மை கொண்டது, அதற்கு அரசுப் பணத்தைச் செலவிடுவது சரிதானா என்று வெளிப்படையாகக் கேட்டார். அரண்மனைக்குள்ளிருந்தே எழுந்த அந்தக் கேள்விக்கு அரசு பழைய பதிலையே சொல்லிவிட்டு, சடங்கைப் பொதுச் செலவில் நடத்தியது. புத்தாண்டில் பிரதமர்கள் இசேக்குப் போவது பல பத்தாண்டுகளாக வழக்கம். எதிர்முகாமிலிருந்து ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சிப் பிரதமர்களும் போனார்கள். யாசுகுனிக்கு ஒரு பிரதமர் போனால் பெய்ஜிங்கிலும் சியோலிலும் கண்டனம் எழும். இசேக்குப் போனால் தோக்கியோ நாளிதழ்களில் சின்னப் படம் ஒன்று வரும். 2025 ஜனவரியில் போனவர் இஷிபா ஷிகேரு. அவர் ஞானஸ்நானம் பெற்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்.